தாய்க் கோழி இல்லாத குஞ்சுகள்

 

இன்றைய பேச்சு கோழிக் குஞ்சு பற்றியது. முதல் முறையாக வீட்டில் குஞ்சு வாங்கி வளர்க்கப் போகிறவர்களுக்கானது.

மௌலா அலியில் மலை மேல் தர்கா இருக்கிறது. கீழே ரயில் நிலையம், லோகோ ஷெட், வீட்டு வசதி வாரியக் காலனி எல்லாம் இருக்கின்றன. சந்துகளில் சிறு சிறு வீடுகள். சில வீடுகளின் பின்பக்கம் கொஞ்சம் மண் தரை உண்டு. பஞ்சாரம் கவிழ்க்க அந்த இடம் போதும். அதனால் பலருக்கு ஆசை வருகிறது. "நாலு கோழி வளர்த்தால் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்குமே!" என்று நினைக்கிறார்கள்.

நல்ல ஆசைதான். ஆனால் நடப்பது என்ன? 20 குஞ்சு வீட்டுக்கு வருகிறது. ஒரு வாரத்தில் பாதி செத்துப் போகிறது. "நமக்குக் கோழி ராசி இல்லை" என்று விட்டு விடுகிறார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் குஞ்சுகளுக்குத் தாய் இல்லை. அதுதான் காரணம்.

தாய் செய்யும் வேலை

நாட்டுக்கோழி 21 நாள் அடை காக்கிறது. குஞ்சு பொரிக்கிறது. அதோடு அதன் வேலை முடிகிறதா? இல்லை. குஞ்சுக்குக் குளிர்ந்தால் இறக்கைக்குள் இழுத்துக் கொள்கிறது. மண்ணைக் கிளறி இரை காட்டுகிறது. பருந்து வந்தால் குரல் கொடுக்கிறது. பூனை வந்தால் பாய்கிறது.

இதில் முதல் வேலை சூடு கொடுப்பது. பிறந்த குஞ்சின் உடம்பில் இறகு இல்லை. பஞ்சு போன்ற மயிர்தான் இருக்கிறது. தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள அதனால் முடியாது. இறகு முளைக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை வெளியிலிருந்து சூடு வேண்டும்.

பண்ணையில் இயந்திரத்தில் பொரித்த குஞ்சுக்குத் தாய் கிடையாது. வாங்கி வருகிறவர்தான் அதற்குத் தாய்.

எந்தக் குஞ்சு நல்லது?

தெருவில் பச்சை, சிவப்பு, நீலச் சாயம் பூசிய குஞ்சுகளை விற்கிறார்கள். பிள்ளைகள் கேட்டு அழுகிறார்கள். அவை பெரும்பாலும் முட்டைப் பண்ணைகள் வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். அவை முட்டை இடாது. வெயிலிலும் கூடையிலும் கிடந்து பாதி உயிரோடுதான் வீட்டுக்கு வருகின்றன.

நல்ல குஞ்சுக்கு ஹைதராபாத்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நகரத்தின் இன்னொரு கோடியில் ராஜேந்திரநகர் இருக்கிறது. அங்கே மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1988இல் தொடங்கியது. வீட்டு முற்றத்தில் வளர்ப்பதற்கென்றே அங்கு வனராஜா, கிராமப்பிரியா என்ற கோழிகளை உருவாக்கினார்கள். பார்க்க நாட்டுக்கோழி போலவே பல நிறத்தில் இருக்கும். முற்றத்தில் மேய்ந்து வளரும் வனராஜா வருடத்துக்குச் சுமார் 100 முட்டை இடும். கிராமப்பிரியா சுமார் 160 முட்டைக்கு மேல் இடும். சாதாரண நாட்டுக்கோழி இதைவிடக் குறைவாகவே இடும்.

ஆனால் ஒரு விஷயம். இந்தக் கோழிகள் பொதுவாக அடை உட்காருவதில்லை. அடுத்த முறையும் குஞ்சை வாங்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் நாட்டுக்கோழியின் அடியில் முட்டை வைக்க வேண்டும்.

இன்னொன்று. பிரிக்காமல் கொடுக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். 20 குஞ்சு வாங்கினால் 20 முட்டைக் கோழி என்று கணக்குப் போடக் கூடாது.

குஞ்சு வருவதற்கு முதல் நாள்

மௌலா அலியில் ஓர் அம்மா 20 குஞ்சு வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதல் நாளே இடத்தைத் தயார் செய்கிறார்.

மழைச் சாரலும் காற்றும் நேரே அடிக்காத ஒரு மூலையைப் பார்க்கிறார். பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டுகிறார். ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக நிறுத்துகிறார். வட்டம் 3 அடி அகலம். ஏன் வட்டம்? சதுரமாக இருந்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். வட்டத்தில் மூலை இல்லை.

தரையில் 2 அங்குலத்துக்கு உலர்ந்த உமி பரப்புகிறார். அதன் மேல் செய்தித்தாள் விரிக்கிறார். இல்லாவிட்டால் குஞ்சு உமியைத் தீனி என்று கொத்தும். தாளை தினமும் மாற்றுகிறார். 3, 4 நாளில் தீனி எது என்று குஞ்சுக்குத் தெரிந்துவிடும். பிறகு தாள் வேண்டாம்.

நடுவில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்க விடுகிறார். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். இங்கே கவனம் வேண்டும். இப்போது எல்லா வீட்டிலும் எல்.இ.டி. பல்புதான். அது வெளிச்சம் தரும். குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. உள்ளே கம்பி எரியும் பழைய குண்டு பல்புதான் வேண்டும். பல்பை வயரில் மட்டும் தொங்க விடக் கூடாது. கம்பியால் தனியாகக் கட்ட வேண்டும். அறுந்து விழுந்தால் தாளிலும் உமியிலும் தீப்பிடிக்கும்.

முதல் நாள்

குஞ்சு வந்தவுடன் முதலில் தண்ணீர். பிறகுதான் தீனி. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைக்கலாம். ஒவ்வொரு குஞ்சையும் எடுத்து அதன் அலகை ஒரு முறை தண்ணீரில் தொட்டு விட வேண்டும். தாய் இருந்தால் அது காட்டியிருக்கும்.

தண்ணீர்த் தட்டு ஆழமாக இருக்கக் கூடாது. அதில் சிறு கூழாங்கற்களைப் போட வேண்டும். குஞ்சு கற்களுக்கு நடுவே குடிக்கும். உள்ளே விழாது. நனைந்த குஞ்சு குளிரில் சீக்கிரம் செத்துவிடும்.

தீனிக்கு உடைத்த மக்காச்சோளம் முதல் நாள் போதும். பிறகு கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனம் போட வேண்டும். வெறும் நொய்யும் சோறும் போட்டால் வயிறு நிறையும். ஆனால் இறகும் சதையும் வளரப் புரதம் வேண்டும். அது நொய்யில் போதாது.

குஞ்சே சொல்லும்

முதல் வாரம் பல்புக்கு அடியில் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். அதாவது 35 டிகிரி செல்சியஸ். அடுத்தடுத்த வாரங்களில் 5 பாரன்ஹீட் டிகிரி குறைத்துக்கொண்டே போகலாம். "எங்களிடம் அளக்கும் கருவி இல்லையே" என்று கேட்பீர்கள். கவலை வேண்டாம். குஞ்சுகளே சொல்லும்.

எல்லாம் பல்புக்கு அடியில் நெருக்கிக்கொண்டு கத்துகிறதா? குளிர்கிறது. பல்பைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.

எல்லாம் ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? சூடு அதிகம். பல்பை உயர்த்த வேண்டும்.

எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்கிறதா? எதிர்ப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. அங்கே சாக்கு கட்ட வேண்டும்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவி, தின்று, குடித்து, தூங்குகிறதா? அப்படியானால் சூடு சரி.

மாலையில் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை, விடியற்காலையில் ஒரு முறை பார்க்க வேண்டும். பல குஞ்சுகள் சாவது விடியற்காலைக் குளிரில்தான். ஹைதராபாத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகள் குளிரும். ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். அப்போது பகலில் பல்பை அணைத்துவிட வேண்டும்.

கரண்டு போனால் என்ன செய்வது? பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, வட்டத்துக்குள் வைக்கலாம். மூடிய அறையில் கரி அடுப்பு வைக்கக் கூடாது. அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், அறையில் தூங்கும் மனிதரையும் கொல்லும்.

5 வீடு சேர்ந்தால் ஒரு மருந்து

குஞ்சுகளுக்குப் பெரிய எதிரி வெள்ளைக் கழிச்சல். இதற்கு ராணிக்கெட் நோய் என்றும் பெயர். இமயமலைப் பக்கம் ராணிக்கெட் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1920களில் அங்கே இந்த நோயைக் கண்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இங்கே தெலுங்கில் கொக்கெர நோய் என்பார்கள். மருத்துவமனையில் அப்படிச் சொன்னாலும் புரியும்.

வந்த பிறகு இதற்கு மருந்து இல்லை. வருமுன் காக்க மருந்து உண்டு. 5 முதல் 7 நாள் வயதுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். 4 வார வயதில் மறுபடியும் கொடுக்க வேண்டும். 8, 9 வாரத்தில் ஊசி போட வேண்டும். 2 வார வயதில் கம்போரோ என்ற நோய்க்கும் சொட்டு மருந்து உண்டு. அம்மை நோய்க்கும் ஊசி உண்டு. தேதிகளை அரசு கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். மருந்து 100 குஞ்சுக்கு, அல்லது அதற்கும் மேலாக, ஒரே குப்பியில் வரும். திறந்து கரைத்தால் 2 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை வைக்க முடியாது. 20 குஞ்சு வைத்திருப்பவர் "எனக்கு எதற்கு இவ்வளவு மருந்து?" என்று விட்டுவிடுகிறார். ஒரு நாள் நோய் வருகிறது. தெருவே காலியாகிறது.

வழி என்ன? ஒரே தெருவில் 5 வீடுகள் ஒரே நாளில் குஞ்சு வாங்கட்டும். 5 இருபது 100. ஒரு குப்பி 5 வீட்டுக்கும் போதும். ஒருவர் பிளாஸ்க்கில் ஐஸ் வைத்து மருந்தைக் கொண்டு வரட்டும். சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும். குப்பியின் மேல் காலாவதி மாதமும் வருடமும் எண்ணில் அச்சிட்டிருக்கும். அதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். படிக்கக் கற்ற ஒருவரை இனி யாரும் பழைய மருந்து கொடுத்து ஏமாற்ற முடியாது.

ஈரம், எலி, கை

உமி நனைந்தால் உடனே அள்ளி எறிய வேண்டும். ஈர உமியில்தான் ரத்தக் கழிச்சல் வளர்கிறது. வட்டத்துக்குள் குனிந்து முகர்ந்தால் மூக்கு எரிகிறதா? அப்படியானால் குஞ்சின் கண்ணும் எரிகிறது.

இரவில் எலியும் பூனையும் வரும். வட்டத்தின் மேல் சிறு கண் உள்ள கம்பி வலை போட வேண்டும்.

குஞ்சைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சிறு பிள்ளைகள் குஞ்சுக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. 2025 தொடக்கத்தில் ஆந்திராவின் கோதாவரிப் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தது. எங்கேனும் கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் கையால் தொடக் கூடாது. விற்கவோ சமைக்கவோ கூடாது. கால்நடை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

5, 6 வாரத்தில் இறகு நன்றாக முளைத்துவிடும். வெயில் ஏறிய பிறகு வெளியே மேய விடலாம். மாலையில் அடைக்க வேண்டும். இப்போது செலவு குறையும். புழு, பூச்சி, கீரை, வீட்டு மிச்சம் எல்லாம் தீனிதான். கரையான் உள்ள இடத்தில் பழைய சாக்கும் காய்ந்த சாணமும் போட்ட பானையை மாலையில் கவிழ்த்து வைப்பது நம் ஊர்க் கிராமத்து வழக்கம். காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். குஞ்சுகள் ஓடி வந்து தின்னும். அதில் நல்ல புரதம் உண்டு.

ஒரு நோட்டுப் புத்தகம்

கடைசியாக ஒரு வேலை. 20 பக்க நோட்டு ஒன்று வாங்கி வைக்க வேண்டும். தேதி, உயிரோடு இருக்கும் குஞ்சு, செத்தது, கொடுத்த மருந்து, செலவு. இந்த 5 கட்டம் போதும். தினமும் ஒரு வரி எழுத வேண்டும்.

எழுதி வைத்தால் என்ன தெரியும்? 3ஆம் நாள் 2 குஞ்சு போனது, அன்று இரவு கரண்டு இல்லை என்று தெரியும். 18ஆம் நாள் ஒன்று போனது, உமி நனைந்திருந்தது என்று தெரியும். ராசி என்று சொன்னதற்கெல்லாம் காரணம் தெரியும். அடுத்த முறை அந்தத் தவறு நடக்காது. 20இல் 10 பிழைத்த வீட்டில் 18 பிழைக்கும்.

ஆகவே சகோதரிகளே, சகோதரர்களே! குஞ்சு வாங்கும் முன் பக்கத்து வீட்டாரோடு பேசுங்கள். 5 வீடு சேருங்கள். மருந்துத் தேதியைக் கேட்டு எழுதுங்கள். பல்பைக் கட்டுங்கள். அதன் பிறகு குஞ்சை வாங்குங்கள்.