அடுத்த நடையில் வருகிறோம்



தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எல்லோரும் பார்த்திருப்போம். எந்தப் பக்கம் தள்ளினாலும் ஆடி ஆடி நிமிர்ந்துவிடும். கனமெல்லாம் அதன் அடிப்பாகத்தில் இருக்கிறது. அதே பொம்மையின் தலையில் ஒரு கல்லைக் கட்டிவிட்டுத் தட்டிப் பாருங்கள். சாய்ந்தது சாய்ந்ததுதான். சுற்றுலாப் படகு விடுவதற்கு எதற்கு இத்தனை உரிமம், இத்தனை கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு இந்தப் பொம்மையே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

மீதிப் பதில் கேரளத்தின் தானூரில் இருக்கிறது. மலப்புறம் மாவட்டத்தில், பூரப்புழை ஆறு கடலோடு கலக்கிற ஊர். அங்குள்ள கடற்கரைக்குத் தூவல் தீரம் என்று பெயர். 2023 மே 7, கோடை விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. பொழுது சாய்கிற நேரத்தில், கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஓர் இரண்டடுக்குப் படகு புறப்பட்டது. திரும்பிக் கரைக்கு வரவில்லை. கவிழ்ந்த படகில் 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். ஒரே குடும்பத்தில் மட்டும் பத்துப் பேருக்கு மேல்.

அந்தப் படகு முதலில் மீன்பிடிப் படகு. பிறகு சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது. மீன்பிடிப் படகில் மீனும் ஐஸும் வயிற்றுக்குள் கிடக்கும். கனம் கீழே இருக்கும். அதன் மேல் ஒரு தளம் கட்டி, அங்கே ஆட்களை ஏற்றினால் பொம்மையின் தலையில் கல்லைக் கட்டிய கதைதான்.

நேயர்களே, ஒரு படகில் இத்தனை பேர்தான் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதே, அந்த எண் எங்கிருந்து வருகிறது? இருக்கைகளை எண்ணிப் போட்டதல்ல. சோதனைக்கு வரும் சர்வேயர், தெரிந்த எடையுள்ள சுமைகளைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்துவார். படகு எவ்வளவு சாய்கிறது என்று அளப்பார். அதை வைத்து, எத்தனை பேரைத் தாங்கும், எல்லோரும் ஒரு பக்கமாக நகர்ந்தால் நிமிருமா என்று கணக்கிடுவார்கள். அந்த எண் படகே சொன்ன பதில். அதை மீறுகிறவர் அதிகாரியை ஏமாற்றலாம், படகை ஏமாற்ற முடியாது.

சட்டத்துக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. சென்னை மாகாணத்தில் 1890லேயே கால்வாய்களுக்கும் ஓடத்துறைகளுக்கும் சட்டம் வந்துவிட்டது. உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் கலங்களுக்கு 1917இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக இப்போது இருப்பது 2021ஆம் ஆண்டுச் சட்டம். இயந்திரப் படகு என்றால் சர்வே சான்று வேண்டும், பதிவு வேண்டும், ஓட்டுகிறவருக்குத் தகுதிச் சான்று வேண்டும், காப்பீடு வேண்டும், உயிர்காப்புச் சாதனங்கள் வேண்டும்.

பிறகு எங்கே ஓட்டை? படகைப் பரிசோதித்துப் பதிவு செய்கிற அலுவலகம் பல நேரங்களில் வேறு ஊரில் இருக்கிறது. சர்வேயர் ஒரு நாள் வருவார், பார்ப்பார், போய்விடுவார். மற்ற நாட்களில் படித்துறையில் நடப்பதை யார் பார்ப்பது? அந்தத் துறையும் அதற்குப் போகிற சாலையும் வண்டி நிறுத்துமிடமும் கடைகளும் உள்ளாட்சியின் கண்ணெதிரே இருக்கின்றன. தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க உரிமையாளர் வந்து நிற்பதும் அங்கேதான். சர்வே சான்றைக் காட்டாத படகுக்கு உரிமம் இல்லை, இருட்டிய பிறகு துறையில் டிக்கெட் இல்லை என்று உள்ளூரிலேயே கறாராக இருந்தால், பெரிய அலுவலகத்தின் கையெழுத்துக்கு அப்போதுதான் உயிர் வரும்.

படகு வைத்திருப்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு கோப்பு பல மேசைகளில் தங்கித்தங்கி நகர்கிறது. அதற்குள் சீசன் முடிந்துவிடுகிறது. ஒழுங்காகச் செலவு செய்து சான்று வாங்கியவர், எந்தச் சான்றும் இல்லாமல் பாதிக் கட்டணத்துக்கு ஆள் ஏற்றுகிறவரிடம் பிழைப்பை இழக்கிறார். விதியை மீறுபவனை விட்டுவைப்பது, விதிப்படி நடப்பவனுக்குப் போடுகிற அபராதம்.

இது தனியார் பேராசை மட்டுமே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் கவிழ்ந்தது கேரள அரசுச் சுற்றுலாக் கழகத்தின் படகு. வெள்ளோட்டம் விட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதுவும் இரண்டடுக்குதான். 45 பேர் இறந்தார்கள். நம் பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் நாளில் ஏரியைச் சுற்றிப் பார்க்கப் படகேறியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. இன்னும் பின்னால் போனால், 1924 ஜனவரியில் ஆலப்புழைப் பக்கம் பல்லனை ஆற்றில் நெரிசலோடு போன ஒரு படகு கவிழ்ந்தது. மலையாளத்தின் மகாகவி குமாரன் ஆசானை அந்த இரவுதான் கொண்டுபோயிற்று. அன்றைக்கும் கூட்டம்தான் காரணம்.

தானூருக்குப் பிறகு கேரள உயர் நீதிமன்றம் தானாகவே இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகில் ஏறும் இடத்திலேயே, மக்களின் மொழியான மலையாளத்தில், பலகையில் எழுதி வைக்கச் சொன்னது. மிகச் சாதாரணமான உத்தரவு. ஆனால் அலுவலகக் கோப்புக்குள் கிடந்த எண்ணைப் பயணியின் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிற உத்தரவு.

அடுத்த விடுமுறைக்குக் காயலுக்கோ ஏரிக்கோ போகிறவர்கள் அந்தப் பலகையைத் தேடுங்கள். மூலையில் குவித்துப் போட்டிருக்கிற லைஃப் ஜாக்கெட்டை எடுத்து, பட்டையும் கொக்கியும் சரியாக இருக்கின்றனவா என்று இழுத்துப் பாருங்கள். குழந்தைக்கு அளவானது இருக்கிறதா என்று கேளுங்கள். கூட வந்த பிள்ளைகளிடம் படகில் இருக்கிறவர்களை எண்ணச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது விளையாட்டு; கணக்கும் சரியாக இருக்கும்.

எண் மீறினால் சண்டை போட வேண்டாம். 'அடுத்த நடையில் வருகிறோம்' என்று சொல்லிக் கரையிலேயே நில்லுங்கள். இதுதான் கடைசி நடை என்று படகுக்காரர் சொன்னால், 'அப்படியானால் நாளைக்கு வருகிறோம்' என்று சொல்லுங்கள். ஏரி எங்கும் போய்விடாது.