மலைச்சரிவில் கம்பளித் தொழில்: ஏலப்பாறைக்கு ஒரு கணக்கு

ஏலப்பாறையைச் சுற்றியுள்ள சரிவுகளில் தேயிலையை நம்பி மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றன. அது முதல் மாற்றுத் தொழில் பற்றிய பேச்சு இம்மலைகளில் ஓயவில்லை. ஓய்வுபெறும் தொழிலாளியின் கைக்கு வரும் சிறுதொகை அவருடைய ஆயுட்கால உழைப்பின் மிச்சமாகும். அதனை எதில் போடுவது என்பது விளையாட்டான வினாவன்று.

குளிர்ந்த மலை, பசும்புல், உரோம விலங்கு, பக்கத்திலேயே சிறு நூற்பாலை என்ற திட்டம் கேட்பதற்கு இனிமையானது. அல்பாக்கா வளர்ப்பு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிறு பண்ணைத் தொழிலாகப் பரவியுள்ளது. ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த இவ்விலங்கின் தாயகம் பெரு நாட்டின் உயர்ந்த, வறண்ட மேட்டுநிலமாகும். அங்கு அவை பெரும்பாலும் 3,500 மீட்டருக்கு மேல் மேய்கின்றன. ஏலப்பாறையோ சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், தென்மேற்குப் பருவமழை கொட்டும் இடத்தில் உள்ளது. ஈரத்தில் குடற்புழுவும் தோல்நோயும் பெருகும். மேலும், கால்நடை எதுவாயினும் 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின்கீழ் அனுமதியும், வந்திறங்கியபின் தனிமைக் காப்பும் வேண்டும். 1858இல் 250க்கு மேற்பட்ட அல்பாக்காக்கள் கப்பலில் சிட்னி சென்றடைந்தன. சில ஆண்டுகளில் அம்முயற்சி கைவிடப்பட்டது.

விலங்கைப் பற்றிய ஐயங்கள் இவை. எனினும், திட்டத்தின் உயிர்நிலை ஆலையில் உள்ளது.

ஓர் அல்பாக்கா ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ உரோமம் தருகிறது. 20 விலங்குகள் கொண்ட பண்ணையில் 40 முதல் 60 கிலோ கிடைக்கும் எனக் கொள்வோம். வயிறு, கால் பகுதிகளின் முரட்டு உரோமத்தைப் பிரித்து, கழுவி, வாரி, நூற்றபின் எஞ்சுவது அதிலும் குறைவு. நாளொன்றுக்கு 5 கிலோ பதப்படுத்தும் மிகச் சிறிய ஆலைகூடப் பண்ணையின் முழு ஆண்டு விளைவைப் பன்னிரண்டு நாள்களில் விழுங்கிவிடும். எஞ்சிய நாள்களில் இயந்திரம் சும்மா நிற்கும், வட்டி நிற்காது. 300 நாள் ஓட 1,500 கிலோ உரோமம் வேண்டும். அதாவது 500 முதல் 750 விலங்குகள். இக்கணக்கைப் போட்டுப் பாராமல் இயந்திர விலைப்பட்டியலைப் பார்ப்பது வீண்.

அண்டையிலேயே இதற்கு அனுபவம் உண்டு. நீலகிரியில் சாண்டிநல்லா செம்மறியாடு ஆராய்ச்சி நிலையத்திலும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய ஆராய்ச்சி மையத்திலும் பல பத்தாண்டுகளாகக் கம்பளி ஆடுகள் பேணப்படுகின்றன. ஈரமலைக்குப் பழகியது நீலகிரி இனம். குடற்புழுவை ஓரளவு தாங்கவல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுமார் 600 கிராம் கம்பளி தருகிறது. மன்னவனூரின் பாரத் மெரினோ அதைவிட மெல்லிய இழை உடையது. ஆயினும் நீலகிரி இனம் இன்று அருகிவருகிறது. வாங்குவார் இன்றிக் கம்பளி தேங்க, கத்தரிக்கும் கூலியே பாரமாகிறது. ஆடு இறைச்சிக்காகவே மதிக்கப்படுகிறது.

இதே இடுக்கி மாவட்டத்தில் அயல் இனம் வேரூன்றிய வரலாறும் உண்டு. 1963இல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டம், பிரவுன் சுவிஸ் காளைகளைக் கொண்டு உள்ளூர்ப் பசுக்களைக் கலப்பினமாக்கியது. சுநந்தினி இனம் அவ்வழி வந்தது. காளையோடு தீவனப்புல், செயற்கைக் கருவூட்டல், மருத்துவம் ஆகிய யாவும் சேர்ந்து வந்தன. தவிர, பாலுக்கு நாள்தோறும் வாடிக்கை உண்டு. ஒரு லிட்டர் கறந்தவருக்கும் அன்றே கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை வரும் கம்பளிக்கு அவ்வசதி இல்லை.

ஆதலின், வரிசையை மாற்றுவதே தக்கது. விலங்கு வாங்குமுன், மன்னவனூர், நீலகிரிப் பகுதிகளில் விலைபோகாத கம்பளியை வாங்கி, பத்துப் பெண்கள் கொண்ட ஒரு குழு தரம்பிரிக்கவும் கையால் நூற்கவும் பயிலலாம். நூல் ஓராண்டு விற்றால் வாரும் இயந்திரம் ஒன்று. அதுவும் ஓய்வின்றி ஓடினால் அடுத்தது. அதன்பின் சொந்த மந்தையைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் மேய்ச்சல் நிலம் எது என்ற கேள்வி எழும். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் தோட்டங்களுக்கு அளிக்கும் உச்சவரம்பு விலக்கு, நிலம் தோட்டமாக நீடிக்கும்வரைதான். தேயிலைச் செடியைப் பிடுங்கிப் புல் வளர்ப்பது அவ்வளவு எளிதன்று.

மற்றொன்று மழை. சூன், சூலை மூடுபனியில் கழுவிய கம்பளி உலராது, நாற்றமெடுக்கும். கழுவும் வேலையைச் சனவரி முதல் மார்ச்சுக்குள் முடித்துவிடுவது நலம். முடியாதவர்களுக்கும் வழி உண்டு. மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளின் மேல்மாடிகளில் கொழுந்தை வாடவைக்கும் நீண்ட தட்டுகளும் காற்றாடிகளும் இருந்தன. எங்கேனும் அவை பழுதின்றி எஞ்சியிருந்து உரிமையாளரும் இசைந்தால், கம்பளி உலர்த்துவதற்கு வேறு கட்டடம் தேட வேண்டியதில்லை.