ஆர்தர் ஜோன்ஸின் பயிற்சிப் பொறிகள்

பாரமான இரும்பொன்றைக் கையிலேந்தி முழங்கையை மெல்ல மடக்கிப் பார்க்கும் நேயர் எவரும் ஓருண்மையை உணர்வர். கை கீழே தொங்கும்போது பாரம் அத்துணை உறைப்பதில்லை. முன்கை நிலத்துக்குச் சமாந்தரமாக வரும்போது அது மிகுதியாக அழுத்துகின்றது. கை தோளை நெருங்கியதும் மீண்டும் இலேசாகின்றது. இரும்பின் நிறை மாறாதிருக்கவும் தசையின் வேலை இடத்துக்கிடம் மாறுகின்றது. இக்குறையைப் பொறியால் தீர்க்க முனைந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஆர்தர் ஜோன்ஸ்.

1926ஆம் ஆண்டில் ஆர்கன்சா மாநிலத்திற் பிறந்த ஜோன்ஸின் தாயும் தந்தையும் வைத்தியர்கள். மகனோ பாடசாலைக் கல்வியை இடையில் விட்டவர். விமானமோட்டினார், காட்டு விலங்குகளை வாங்கி விற்றார், அவற்றைப் படம் பிடித்தார். யானைக்குட்டிகளை விமானத்திலேற்றிப் புளோரிடாவிலுள்ள தம் பண்ணைக்குக் கொணர்ந்தவரும் இவரே. இத்தகையவரிடமிருந்து வைத்தியருக்கு உதவும் கருவியொன்று வருமென எவர் எதிர்பார்த்திருப்பார்?

பல்லாண்டு முயற்சியின் பின், 1970இல் தம் முதற்பொறியை லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் காட்சிக்கு வைத்தார். அதன் உயிர்நாடி, வட்டமாயிராது ஒருபுறம் புடைத்த சக்கரம். பாரத்தை இழுக்கும் சங்கிலி இச்சக்கரத்தின்மீது சுற்றும். சக்கரம் சுழலச் சுழல, அச்சிலிருந்து சங்கிலிக்குள்ள தூரம் கூடிக் குறையும். எனவே தசை வலுவுற்றிருக்கும் நிலையிற் பாரம் கூடியும், வலுக்குறைந்த நிலையிற் குறைந்தும் தோன்றும். சுருண்ட ஓடுடைய நாட்டிலஸ் என்னும் கடலுயிரை இச்சக்கரம் ஒத்திருந்தமையால் அப்பெயரே பொறிகளுக்கும் வழங்கலாயிற்று. ஆக்கவுரிமையும் பெறப்பட்டது. எனினும் மனிதர் உடலமைப்பு ஆளுக்காள் வேறுபடுவதால், ஒரே சக்கரம் எல்லோருக்கும் அச்சொட்டாகப் பொருந்துமெனக் கொள்வதற்கில்லை.

அப்பொறியில் இன்னொரு நுட்பமும் இருந்தது. முதுகின் அகன்ற தசைகளைப் பயிற்றும்போது, அவை களைக்குமுன் கைகள் களைத்துவிடுவது வழக்கம். ஜோன்ஸ் முழங்கைகளால் தள்ளும்படி பொறியை அமைத்துக் கைகளின் குறுக்கீட்டை நீக்கினார். இவ்வெண்ணமே அவரை வைத்தியத்துறைக்கு இட்டுச் சென்றதெனலாம்.

1986இல் நாட்டிலஸ் நிறுவனத்தை விற்றபின், மெட்எக்ஸ் என்னும் பெயரில் இடுப்புப் பகுதி முதுகெலும்பைத் தாங்கும் தசைகளை அளக்கும் பொறியை உருவாக்கினார். குனிந்து நிமிரும்போது பிருட்டத்தினதும் தொடையினதும் பெருந்தசைகளே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகின்றன. முதுகின் சிறுதசைகள் நலிந்திருப்பினும் வெளியே தெரிவதில்லை. மெட்எக்ஸ் பொறி இடுப்பெலும்பை அசையவிடாது இறுக்கிப் பிடிக்கின்றது. உடலின் சொந்த நிறைக்கு ஈடாக எதிர்ப்பாரமும் வைக்கப்படுகின்றது. இவ்வாறு ஏழு வெவ்வேறு கோணங்களில் முதுகுத்தசையின் வலு மட்டும் தனித்து அளக்கப்படுகின்றது.

புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 1989இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வாரத்துக்கு ஒருமுறையாகப் பத்து வாரங்கள் பயின்றோர், முழுதும் நிமிர்ந்த நிலையிற் காட்டிய வலு ஏறத்தாழ இருமடங்காயிற்று. அவர்கள் நோயற்றவர்கள் என்பதை மறத்தலாகாது. தசை வலுத்தல் ஒன்று, நோவு தீர்தல் வேறொன்று. நாட்பட்ட முதுகுநோவுக்கு இப்பொறி ஏனைய தேகப்பயிற்சிகளிலும் மேலானதென ஐயமற நிறுவப்படவில்லை. ஜோன்ஸ் இதனை எளிதில் ஒப்புக்கொள்ளும் இயல்பினரல்லர். வாதத்திற் கடுமை மிக்கவர் அவர். 2007இல் புளோரிடாவிற் காலமானார். முதுகுத்தசையின் வலுவைக் கையூகத்தால் மதிப்பிட்டு வந்த வைத்தியருக்கு, அதனை எண்ணாற் குறித்து, மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழியை அவரது பொறி அளித்தது.