வயல் விடும் வாயு

நம் திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் சம்பா வயலில் தண்ணீர் தேங்கி நிற்கிறதல்லவா? காற்றுப் புகாத அந்தச் சேற்றில் நுண்ணுயிர்கள் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே வெளியேறுகிறது.

இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுவதாக ஒரு காலத்தில் அமெரிக்காவில் கணக்குப் போட்டார்கள். வெளிநாட்டு வயல்களை அளந்து நம் தலையில் கட்டிய கணக்கு அது! 1991-இல் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம், விஞ்ஞானி ஏ.பி. மித்ரா முன்னின்று நடத்த, நம் வயல்களிலேயே இறங்கி அளந்தது. வந்தது சுமார் 40 லட்சம் டன்தான். சொந்தமாக அளக்க ஆள் இல்லையென்றால் ஊரார் சொன்னதே கணக்காகியிருக்கும்.

இன்று வயல், காடு, நிலம் எல்லாவற்றின் வாயுக் கணக்கையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஐ.நா.வுக்கு அனுப்புகிறது.

வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்தால் மீத்தேன் வெகுவாகக் குறையும், தண்ணீரும் மிச்சமாகும். கடைமடை விவசாயிகளே, ஒரு மடையில் செய்துதான் பாருங்களேன்.