பேயல்ல, முறுக்கேறிய தசை!

(புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமமொன்றில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புராணத்தைப் பற்றியதல்ல. உங்கள் ஒவ்வொருவருடைய கழுத்தையும் தோளையும் தாடையையும் பற்றியதேயாகும். உட்கார்ந்திருக்கிறபடியே உங்கள் தோளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அது காதை நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்கவில்லையா? பல்லோடு பல் கடித்துக்கொண்டிருக்கவில்லையா? அப்படிச் செய்யச் சொன்னவர் யார்? ஒருவருமில்லை. கடனும் கவலையும் பயமும் சொல்லின, சரீரம் கேட்டுக்கொண்டது.

இப்படியே நாள் கழிப்பவனுக்குத் தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, சோறு இறங்குவதில்லை. உடனே நம் ஜனங்கள் செய்கிற காரியம் என்ன? கண்ணேறு என்று மிளகாய் சுற்றுகிறார்கள். சனி என்று எள்விளக்குப் போடுகிறார்கள். பெண்ணாயிருந்துவிட்டாலோ, பேய் என்று வேப்பிலையால் அடிக்கிறார்கள். ஜோசியனுக்குத் தட்சணை, மந்திரவாதிக்குக் கோழி என்று எல்லாம் கொடுத்து முடிந்தபின், பழைய கவலையோடு புதுக் கடனும் சேர்ந்துகொள்ளுகிறது.

சரீரத்தில் நடப்பதென்ன? பயம் உண்டானவுடன், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி அட்ரினலின் என்னும் பொருளை ரத்தத்தில் விடுகிறது. இருதயம் வேகமாய் அடிக்கிறது; மூச்சு வாங்குகிறது; தசைகள் முறுக்கேறுகின்றன; ஜீரணம் மந்தப்படுகிறது. வெறிநாய் துரத்தும்போது ஓடுவதற்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் குழுக்கடன் தவணையிடமிருந்து ஓடித் தப்ப முடியுமா? ஓடுவதற்கென்று முறுக்கிய தசை ஓடாமலேயே நாள் முழுதும் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. நம்மவர்கள் பேயென்றும் சனியென்றும் சொல்லுவது பெரும்பாலும் இதுதான்.

அமெரிக்காவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற டாக்டர் இதைப் பல வருஷம் ஆராய்ந்து 1929-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கையை அசைக்காமல் அசைப்பதாக நினைத்தாலே கைத்தசையில் சிறிது மின்சாரம் ஓடுவதைக் கருவி வைத்து அளந்து காட்டினார். சரீரம் வேறு, அதற்குள் குடியிருக்கும் ஆத்மா வேறு என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நினைப்பு தசையை முறுக்குமானால், தசையைத் தளர்த்தினால் நினைப்பின் வேகமும் குறையும் என்பதே அவர் கண்ட வழி.

அந்த வழி மிகவும் சுலபமானது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்கள் கல்லிலே படுக்கை வெட்டித் தவம் செய்தார்கள். நமக்கு அவ்வளவு கஷ்டம் வேண்டியதில்லை. ஒரு கோரைப்பாய் போதும். மல்லாந்து படுத்து, வலது கையை இறுக மூடுங்கள். ஐந்து எண்ணும் வரை, முறுக்கு எந்த இடத்தில் தெரிகிறதென்று கவனியுங்கள். பிறகு விட்டுவிடுங்கள். முன்னிருந்த நிலைக்கும் இப்பொழுதுள்ள நிலைக்கும் வித்தியாசம் பாருங்கள். இப்படியே இடது கை, தோள், நெற்றி, தாடை, வயிறு, தொடை, பாதம். மூச்சை இழுப்பதைவிட விடுவது நிதானமாயிருக்கட்டும். நோவுள்ள இடத்தை மட்டும் முறுக்க வேண்டாம். தினம் கால் மணி நேரம் போதும். ஆதனக்கோட்டையில் குனிந்த கழுத்தோடு முந்திரிக்கொட்டை உடைக்கும் தாய்மார்கள், வேலைக்கு நடுவே தோளையாவது இப்படித் தளர்த்திக்கொள்ளலாம்.

இதில் மந்திரமில்லை, குருவில்லை, கட்டணமில்லை. நாம் சொல்லுகிறோம் என்பதற்காகவும் நம்பாதீர்கள். ஒரு மாதம் செய்து பாருங்கள். பலனில்லையானால் தள்ளிவிடுங்கள்.

ஆனால் இது சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நமக்கும் மந்திரவாதிக்கும் வித்தியாசம் ஏது? யாருமில்லாதபோது குரல் கேட்கிறவர்க்கும், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுகிறவர்க்கும் வேண்டியது டாக்டர். நெஞ்சுவலி கண்டால் பாயை விரிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்கா குணப்படுத்துமென்று கொண்டுவந்து விடப்பட்டு, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்ட 28 பேர், 2001 ஆகஸ்டு 6-ல் தீப்பிடித்தபோது ஓட வழியின்றிக் கருகி மாண்டார்கள். எந்தச் சக்தி வந்து சங்கிலியை அவிழ்த்தது? சங்கிலி போடுவதை 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் தடுத்திருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் சர்க்கார் ஏற்பாட்டில் இலவசமாக யோசனை சொல்லுகிறார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். காலொடிந்தவன் வைத்தியரிடம் போக வெட்கப்படுகிறானா?

கடைசியாக ஒன்று. கவலைக்குக் காரணமிருக்க, கவலையை மட்டும் விடு என்பது அயோக்கியத்தனம். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னை முழுவதும் சாய்ந்தவனுக்கும், கடலுக்குப் போனால் இலங்கைக் கடற்படை பிடிக்குமோ என்றஞ்சும் ஜெகதாப்பட்டினத்து மீனவனுக்கும் பயம் வெறும் பிரமையல்ல. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் ஆதிதிராவிட மக்களின் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருக்கக் கண்டார்களே, அவர்களிடம் போய் "மூச்சை மெதுவாக விடுங்கள், எல்லாம் சரியாகும்" என்று சொல்ல எவனுக்கு மனம் வரும்? அந்த மக்களுக்கு வேண்டியது நியாயம்.

பின் இந்தப் பயிற்சி எதற்கென்றால், தூக்கமற்றுத் துவண்டவனை ஏமாற்றுவது சுலபம்; நடுங்கும் கையில் எந்தத் தாயத்தையும் கட்டிவிடலாம். நன்றாய்த் தூங்கி எழுந்தவன் கணக்குக் கேட்பான், காரணம் கேட்பான். ஆகவே தோழர்களே, தோளைத் தளர்த்துங்கள், தலையைக் குனியாதீர்கள்.