வெள்ளத்துக்கு வந்தவர்கள் வாரந்தோறும் வர வேண்டும்

(நமது அறக்கட்டளையின் கடலூர், சிதம்பரம் தொண்டர்கள் கூட்டத்தில், ரமளானுக்கு முன்பாக, செயலாளர் ஆற்றிய உரை)



 

ஆண்டறிக்கையைத் தலைவர் வாசித்துவிட்டார். வரவு செலவு உங்கள் கையில் இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டோம். ஒரே ஒரு விஷயத்தைப் பேசிவிட்டு, ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்புவதாக இருக்கிறோம்.

முதலில் நம் மாவட்டத்தைப் பற்றிப் பெருமையாகவே சொல்ல வேண்டும். ஆபத்து என்றால் ஓடி வருகிற மக்கள் நம் மக்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி வந்தது. நம் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைக்குப் பரங்கிப்பேட்டையில் என்ன நடந்தது என்பது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கடற்கரைக் குப்பங்களிலிருந்து உடுத்த துணியோடு ஓடி வந்த மீனவ மக்களை அவ்வூர் முஸ்லிம்கள் கூட்டி வந்து தங்க வைத்தார்கள். கல்யாணத்துக்குச் சமைத்திருந்த சாப்பாடு அப்படியே அவர்களுக்குப் போனது. யார் எந்த மதம் என்று எவரும் கேட்கவில்லை. ஜமாஅத் இளைஞர்கள் உடல்களைத் தேடி எடுக்கிற வேலை வரைக்கும் செய்தார்கள்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் ஒரே நாளில் சாய்ந்தன. அப்போதும் நம் பிள்ளைகள் வந்தார்கள். 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் வெள்ளம் வீடுகளை அடித்துக்கொண்டு போனபோதும் வந்தார்கள். 2020இல் கொரோனா காலத்தில், சொந்தப் பிள்ளைகளே கிட்டப் போகப் பயந்த உடல்களைத் தமிழகமெங்கும் முஸ்லிம் இளைஞர்கள் அடக்கம் செய்தார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. அதற்கடுத்த இரண்டாம் மூன்றாம் நாளில் தென்பெண்ணை பொங்கி ஆல்பேட்டை, கண்டக்காடு, நாணமேடு, உச்சிமேடு என்று ஊருக்குள் வந்தபோது, இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற பலர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர்கள்தாம். அல்ஹம்துலில்லாஹ். அந்த உழைப்புக்குக் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம், இனி சொல்லப்போவதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான். இது முதலில் எங்கள் மீதான குற்றச்சாட்டு. நிர்வாகிகள் நாங்கள் செய்த தவறு. அதை மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறோம்.

கடலூர் முதுநகரில் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். கணவர் ஆட்டோ ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. போகவரச் செலவுக்கு நம் பைத்துல்மாலிலிருந்து மாதாமாதம் கொடுத்து வந்தோம். அதோடு நம் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தோம்.

வெள்ளம் வடிந்த பிறகு ஒரு நாள் அவருடைய மனைவி அலுவலகத்துக்கு வந்தார். பணத்தைக் கூட்டிக் கேட்க வந்திருக்கிறார் என்றுதான் எண்ணினோம். அந்த அம்மா சொன்னது வேறு. "அண்ணே, காசு இருக்கிறதே போதும். கூட வர ஒரு ஆள் குடுங்க. வாரத்துல மூணு நாள் நான் அவரோட போய் உக்காந்துட்டா, வேலைக்கு யார் போறது? முடிச்சுட்டு எந்திரிக்கும்போது அவருக்குத் தலை சுத்துது. தனியா விடவும் பயமா இருக்கு" என்றார்.

நாங்கள் உடனே சரி என்றோம். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டோம். இருநூறுக்கும் மேற்பட்டோர் இருக்கிற குழு. கட்டைவிரல்கள் வந்தன, மாஷா அல்லாஹ் வந்தது, "அல்லாஹ் கூலி தருவான்" என்று வந்தது. முதல் வாரம் இரண்டு பேர் முறை வைத்துப் போனார்கள். இரண்டாம் வாரம் ஒருவர். மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை, யாருமே போகவில்லை. ஆள் வருவார் என்று நாம் சொல்லியிருந்ததால் அந்த அம்மா காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். மதியம் வரை உட்கார்ந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒரு முறை தவறினால் என்ன என்று நமக்குத் தோன்றும். சிறுநீராக வெளியேற வேண்டிய தண்ணீர் உடம்பிலேயே தேங்கி நுரையீரல் வரை போகும். பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். மறுநாள் இரவு அவருக்கு மூச்சு முட்டி, 108 ஆம்புலன்ஸில் கொண்டு போனார்கள். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்துவிட்டார். ஐந்து நாள் படுக்கையில் இருந்தார்.

நாங்கள் பார்க்கப் போனபோது அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. "முடியாதுன்னு சொல்லியிருந்தா நானே போயிருப்பேன்ணே" என்று மட்டும் சொன்னார்.

சகோதரர்களே, அந்தச் சொல் எங்களைத் தூங்க விடவில்லை. நாம் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் அந்தப் புதன்கிழமை அவர் சிகிச்சைக்குப் போயிருப்பார். உதவுகிறோம் என்று சொன்னதால்தான் தவறியது. வாக்குக் கொடுத்து மீறுவது நயவஞ்சகத்தின் அடையாளங்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை மதரஸாவில் ஓதியவர்கள் நாங்கள். ஓதியது எங்கே போயிற்று?

உட்கார்ந்து யோசித்தோம். கெட்ட எண்ணம் எவரிடமும் இல்லை. குழுவில் இருந்த ஒவ்வொருவரும் இன்னொருவர் போயிருப்பார் என்று நினைத்தோம். ஃபர்ளு கிஃபாயா என்று நாம் படித்திருக்கிறோம். ஊரில் ஒரு மையித் விழுந்தால் சிலர் செய்துவிட்டாலே மற்றவர்கள் மேல் உள்ள கடமை நீங்கும், எவருமே செய்யாவிட்டால் அத்தனை பேரும் குற்றவாளிகள். முதல் பாதியை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். அந்தப் புதன்கிழமை நம் எல்லோர் மேலும் வந்து விழுந்தது இரண்டாம் பாதி.

இன்னொன்றும் உண்டு. வெள்ளத்தில் நிற்கும்போது பக்கத்தில் நாற்பது பேர் நிற்கிறார்கள். வேகம் வருகிறது. டயாலிசிஸ் வார்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஒருவரும் இல்லை. ஆனால் அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது, சிறியதாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நாம் எல்லோரும் தொழுகையில் ஓதுகிற சின்ன சூரா, அல்மாஊன். அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொன்ன இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள், பக்கத்து வீட்டார் இரவல் கேட்கிற கோடரி, சட்டி, வாளி போன்ற சாமான்கள் என்றார்கள். இப்படிப்பட்ட அற்பப் பொருளைக் கொடுக்க மறுப்பதையும் சேர்த்துத்தான் அந்த சூரா கண்டிக்கிறது. இன்றைக்கு நம்மிடம் மக்கள் கேட்கிற வாளியும் கோடரியும் வாரத்தில் இரண்டு மணி நேரம்தான்.

ஆகவே வேலைமுறையை மாற்றியிருக்கிறோம். இனிமேல் குழுவில் "யாராவது வாருங்கள்" என்ற செய்தி வராது. ஒவ்வொரு வேலைக்கும் நாள், நேரம், இரண்டு பெயர். ஒருவர் போவார், மற்றவர் மாற்று. முந்தின நாள் இஷாவுக்குப் பிறகு அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும். வர முடியாவிட்டால் அப்போதே சொல்லிவிடலாம், அதில் வெட்கமில்லை. இரண்டு பேருமே இல்லை என்றால் நிர்வாகிகளில் ஒருவர் போவோம். கடந்த ஆறு வாரமாக இப்படி நடக்கிறது. ஒரு முறைகூடத் தவறவில்லை.

இனி, எந்தெந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று சொல்கிறோம்.

முதலாவது, இப்போது சொன்ன மருத்துவமனைத் துணை. கடலூரிலும் சிதம்பரத்திலும் இதற்கு ஆள் தேவை. மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. சீட்டு வாங்க, மருந்துக்கு வரிசையில் நிற்க, பேச்சுத் துணைக்கு, முடிந்ததும் கைத்தாங்கலாக வீடு சேர்க்க ஓர் ஆள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இதற்கு மிகவும் பொருத்தம்.

இரண்டாவது, மனு எழுதும் மேசை. புதன்கிழமை அஸருக்குப் பிறகு கடலூரில், சனிக்கிழமை மாலை சிதம்பரத்தில். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண் பிள்ளைக்கு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். முதியோர், விதவை உதவித்தொகை, உலமாக்கள் நலவாரியம். எல்லாம் இருக்கிறது. ஆனால் ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், வங்கியில் வேறு எழுத்து என்று நின்றுபோன மனுக்கள் எத்தனை! கணினி தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் இருவர் உட்கார்ந்தால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் ஜகாத் தொடாமலே கிடைக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தம்பிகள், தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, பெண்களுக்கு. மையித்தைக் குளிப்பாட்டி கஃபனிடத் தெரிந்த பெண்கள் நம் பகுதியில் குறைந்துகொண்டே வருகிறார்கள். தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. இரவில் ஒரு மவுத் என்றால் அடுத்த ஊரிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. நம் மூத்த தாய்மார்கள் இருவர் கற்றுத்தர முன்வந்திருக்கிறார்கள். ஷஅபானுக்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. பயப்படுகிறவர்கள் முதலில் வந்து பார்த்தாலே போதும்.

நான்காவது, இரத்தம். 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடை, நல்ல உடல்நிலை உள்ளவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. நோன்பு நாட்களில் பகலில் கொடுக்க வருவோர் குறைவதால் முகாமை ரமளானுக்கு முன்பே வைக்கிறோம். தட்டணுக்கள் ஐந்து நாளைக்கு மேல் தாங்காது. அதனால் நோன்பு திறந்த பிறகு அழைத்தால் வரக்கூடியவர்களின் பட்டியலும் வேண்டும்.

ஐந்தாவது, நோன்புக் கஞ்சி. பள்ளிவாசலில் ஊற்ற ஆள் நிறைய வருகிறார்கள், மாஷா அல்லாஹ். வாசல் வரை வர முடியாதவர்களுக்குத் தூக்கு எடுத்துக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை. தெருவுக்கு ஒரு பையன் போதும். பக்கத்து வீட்டு சகோதர சமுதாயப் பெரியவர்களையும் அந்தப் பட்டியலில் சேருங்கள்.

கடைசியாக, மழைக்கு முன்பு ஒரு வேலை. போன வெள்ளத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போனோம். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தார் கூவிச் சொன்னபிறகே தெரிந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் தாழ்வான தெருக்களில் வீடு வீடாகப் போய், நடக்க முடியாதவர், கர்ப்பிணி, ஆக்சிஜனிலும் டயாலிசிஸிலும் இருப்பவர் யார் யார் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் செய்ய வேண்டிய வேலை இது. அடுத்த வெள்ளத்தில் படகு முதலில் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதை இந்த நோட்டுப் புத்தகம் சொல்லும்.

அன்பானவர்களே, இப்போது உங்கள் கையில் வருகிற தாளில் ஆறு கட்டம் இருக்கிறது. தயவுசெய்து ஆறிலும் குறியிடாதீர்கள். ஒன்றில் மட்டும் போடுங்கள். உங்களால் நிச்சயமாக வர முடிகிற நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். மாதம் ஒரு மணி நேரம்தான் முடியும் என்றால் அதையே எழுதுங்கள். முடியாதவர்கள் வெறும் தாளைத் திருப்பிக் கொடுங்கள், எங்களுக்கு வருத்தமில்லை. முடியாது என்று முன்பே தெரிந்தால் அந்த அம்மா தானே போய்க்கொள்வார். வருவேன் என்று எழுதிவிட்டு வராமல் இருப்பதைத்தான் இனி எங்களால் தாங்க முடியாது.

அந்த ஆட்டோ சகோதரர் இன்று கூட்டத்துக்கு வருகிறேன் என்றார். இன்று அவருக்கு டயாலிசிஸ் நாள். கூட ஒரு தொண்டர் போயிருக்கிறார். அதனால் அந்தத் தொண்டரும் இங்கே இல்லை. அவர்கள் இருவருக்காகவும் துஆச் செய்யுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் குறைகளை மன்னிப்பாயாக. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் தவ்ஃபீக்கைத் தருவாயாக. நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. எங்கள் மாவட்டத்தை ஆபத்துகளிலிருந்து காப்பாயாக. வரும் ரமளானை நல்லபடியாக அடையச் செய்வாயாக. ஆமீன்.