வாயை மூடிக்கொண்ட எட்டு மாதம்

எங்கள் அடுத்த வீட்டில் எட்டு மாதக் குழந்தை ஒன்று. முந்தாநாள்வரை கேழ்வரகுக் கூழை ஆவென்று வாங்கிக்கொண்டிருந்தது. நேற்றுக் காலை கிண்ணத்தைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டது. தட்டிவிட்ட கூழில் பாதி பாட்டியின் மூக்குக்கண்ணாடியில். "யார் கண் பட்டுதோ" என்று பாட்டி மிளகாய் எடுக்க உள்ளே போனார்.

கண்ணைவிடப் பல்லைப் பார்ப்பது நல்லது. ஈறு வீங்கியிருந்தால் கரண்டி பட்டாலே வலிக்கும். சளியில் மூக்கடைத்தாலும் அப்படித்தான். மூச்சு விடுவதா, விழுங்குவதா? இரண்டும் இல்லையென்றால், தானே எடுத்துத் தின்னும் ஆசை வந்திருக்கும். கேரட்டைக் குழைய வேகவைத்து, விரல் நீளத்துக்கு நறுக்கிக் கையில் கொடுத்து, பக்கத்திலேயே உட்காருங்கள். பாதி தரையில்தான் விழும், விழட்டும். நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையைப் பாண்டியன் அறிவுடை நம்பியே புறநானூற்றில் பாடியிருக்கிறார். அரண்மனையிலும் இதே கூத்துதான்!

காலில் கிடத்திச் சங்கில் ஊற்றிப் புகட்டுவது மட்டும் வேண்டாம், புரையேறும். ருசிக்காகத் தேன் தடவுவதும் ஒரு வயதுக்கு முன் கூடாது. வழக்கம்போலப் பால் குடித்து, சிறுநீர் கழித்து, விளையாடினால் இரண்டு மூன்று நாள் பொறுக்கலாம். காய்ச்சல், சோர்வு, சிறுநீர் குறைவு என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

பாட்டி மிளகாய் சுற்றிப் போட்டார். சாயங்காலம் தாத்தா தட்டிலிருந்து இட்லியைப் பிய்த்துக் குழந்தை வாயில் வைத்துக்கொண்டது. பெயர் என்னவோ மிளகாய்க்குத்தான்.